வேலிக்கால் நடுவதற்கேற்ற மரம்



வீட்டோடு தொடர்புடைய மரங்களுள் மிகக் கடினமான வாழ்க்கை வாய்த்தது வேலிக்காலுக்குத்தான். கதவும் சன்னலும் கூரையின் நிழலில் இருக்கின்றன. உத்தரமும் கைமரமும் மழையையே காண்பதில்லை. வேலிக்காலோ தன் உடம்பில் ஒரு பகுதியை மண்ணுக்குள் புதைத்துக்கொண்டு, எஞ்சியதை வெயிலுக்கும் மழைக்கும் ஒப்புக்கொடுத்துவிட்டு, கம்பியின் இழுப்பையும் மாட்டின் உராய்வையும் தாங்கி ஆண்டுக்கணக்கில் நிற்க வேண்டியிருக்கிறது. அப்படியிருந்தும், கதவுக்கு மரம் வாங்கும்போது பத்துக் கடை ஏறி இறங்குகிற நாம், வேலிக்காலுக்கு மட்டும் கைக்குக் கிடைத்ததை வாங்கி நட்டுவிடுகிறோம். இரண்டாவது மழைக்காலம் கழிவதற்குள் கால்கள் சாய்கின்றன. அவற்றோடு கம்பியும் தளர்கிறது. வாசற்கதவு தரையில் இழுபடுகிறது. தோட்டத்தில் மாடு நிற்கிறது.

தமிழகத்துக்கு வெளியே குடியேறி வாழும் நம்மவர்களுக்கு இதில் மற்றொரு சங்கடமும் உண்டு. சொந்த ஊரில் மரத்தின் பெயரைச் சொன்னால் தச்சருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். ஜாம்ஷெட்பூரிலோ நாகபுரியிலோ கொல்கத்தாவிலோ ஒரு மனை வாங்கி வேலி போடப் புகுந்தால், மரவாடிக்காரர் சொல்லும் பெயர்கள் புதியனவாக இருக்கின்றன. பழகிய பெயர்போல் ஒலிப்பவையும் சில வேளைகளில் வேறு மரமாக இருந்துவிடுகின்றன. ஆகவே, பெயர்களிலிருந்து தொடங்காமல், மரம் ஏன் மக்குகிறது என்பதிலிருந்து தொடங்கி இந்த விஷயத்தை ஆராய்வோம். காரணம் விளங்கிவிட்டால், எந்த ஊர்க் கடையில் நின்றாலும் நல்ல காலைப் பொறுக்கிவிடலாம்.

மரம் மக்குவது முதுமையினால் அன்று. காளான் இனத்தைச் சேர்ந்த பூசணங்கள் மரத்தை உணவாக உண்பதைத்தான் மக்குதல் என்கிறோம். அந்தப் பூசணங்கள் வாழ்வதற்கு நான்கு வசதிகள் வேண்டும். அவை உணவு, ஈரம், காற்று, மிதமான வெப்பம் என்பன. நான்கில் ஒன்று குறைந்தாலும் அவற்றின் வேலை நின்றுவிடும். உலர்ந்த மரத்தின் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கும் குறைவாக ஈரம் இருக்குமானால் மரம் மக்குவதில்லை. வீட்டுக்குள் இருக்கும் நாற்காலி நூறாண்டு இருப்பதற்குக் காரணம் இதுவே.

இனி வேலிக்காலைப் பாருங்கள். மண்ணுக்கு மேலே உள்ள பகுதி மழையில் நனைந்தாலும் காற்றில் உலர்ந்துவிடுகிறது. மண்ணுக்குள் ஆழத்தில் உள்ள அடிமுனையில் ஈரம் உண்டு. ஆனால் காற்று போதாது. மண்மட்டத்திலும், அதற்கு ஏறத்தாழ ஓரடி கீழ்வரையிலும்தான் ஈரமும் காற்றும் ஒருசேரக் கிடைக்கின்றன. பூசணத்துக்கு அதைவிட நல்ல இடம் வேறில்லை. கரையானும் பெரும்பாலும் அந்த வழியாகவே மேலேறுகிறது. சாய்ந்துபோன ஒரு காலைப் பிடுங்கிப் பார்த்தால், மேற்பகுதி உறுதியாக இருக்கும். அடிமுனையும் ஓரளவு உறுதியாக இருக்கும். நடுவே கழுத்துப் போன்ற அந்த ஓரடிதான் பஞ்சாகியிருக்கும். வேலிக்காலின் ஆயுள் என்பது அந்த ஓரடியின் ஆயுளே.

காற்றுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதற்கு நமது தேசத்திலேயே ஒரு பழஞ்சான்று இருக்கிறது. சந்திரகுப்த மௌரியனின் அவைக்குத் தூதராக வந்த மெகஸ்தனிஸ், பாடலிபுத்திர நகரைச் சுற்றி மரத்தாலான மதில் இருந்ததாகவும், அதில் 64 வாயில்களும் 570 கோபுரங்களும் இருந்தனவாகவும் எழுதினார். இன்றைய பாட்னாவில் புலந்தி பாக் என்னும் இடத்தில் 1926-27ஆம் ஆண்டுகளில் அகழ்ந்தபோது, அந்த மர மதிலின் பகுதிகள் மண்ணுக்கடியில் வெளிப்பட்டன. அது சால் மரம். ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன் நட்ட மரங்கள் ஈரமண்ணில் ஆழப் புதைந்து, காற்றுப் படாமல் கிடந்ததனால் எஞ்சின. மண்ணுக்கு மேலே இருந்த மதிலில் ஒன்றும் மிஞ்சவில்லை. நம் வேலிக்காலுக்கு அந்த ஆழமும் காற்றின்மையும் வாய்க்கப் போவதில்லை. எனவே, பூசணத்துக்கு வேண்டிய நான்கனுள் ஈரம், காற்று, வெப்பம் ஆகிய மூன்றும் நம் கையில் இல்லை. உணவு ஒன்றுதான் நாம் தேர்ந்தெடுக்கக் கூடியது. பூசணம் உண்ண மறுக்கும் மரத்தை நாம் நடவேண்டும்.

அத்தகைய மரம் எது? இதற்கு விடை மரத்தின் இனத்தைவிட மரத்தின் உட்பகுதியில்தான் முதலில் கிடைக்கிறது. ஓர் அடிமரத்தைக் குறுக்கே அறுத்தால், வெளியே வெளுத்த ஒரு வளையமும் உள்ளே நிறம் கறுத்த ஒரு பகுதியும் தெரியும். வெளி வளையம் வெளிறு. அது மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து நீரை ஏற்றிக்கொண்டிருந்த பகுதி. மாவும் சர்க்கரையும் அதில் தேங்கியிருக்கும். உட்பகுதியைத்தான் வைரம் என்றும் சேகு என்றும் சொல்கிறோம். நீர் ஏற்றும் வேலையை அது விட்டுவிட்டது. பிசின், தைலம், துவர்ப்பு முதலிய பொருள்களை மரம் அங்கே சேர்த்து வைக்கிறது. தேக்கின் வைரத்தில் உள்ள டெக்டோகுவினோன் என்ற பொருள் கரையானுக்கு ஆகாதது. தேவதாருவின் மணத்துக்குக் காரணமான தைலமும் அத்தகையதே. இந்தப் பொருள்களே மரத்துக்குக் காவல். வெளிற்றில் இவை இல்லை. தேக்காயினும் சாலாயினும் வெளிறு மண்ணில் விரைவில் மக்கிவிடும் என்பதை நேயர்கள் முக்கியமாக நினைவில் வைக்க வேண்டும்.

தமிழர்களுக்கு இந்த வேற்றுமை புதியதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உள்ளே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் பிரிக்கிறது. அகக்காழ், புறக்காழ் என்பன அந்நூலார் வழங்கிய சொற்கள். பனையும் தென்னையும் மூங்கிலும் புறக்காழ் உடையவை. வேலிக்காலுக்கு மரம் பார்க்கிறவருக்கு இதைவிடப் பயனுள்ள பாகுபாடு வேறில்லை. தேக்கையும் வேங்கையையும் வாங்கும்போது வெளிப்பகுதியைக் கழித்து உட்பகுதியைக் கொள்ளவேண்டும். பனையை வாங்கும்போது உள்ளிருக்கும் சோற்றைக் கழித்துக் கருமையான வெளிப்பகுதியைக் கொள்ளவேண்டும்.

வெளிற்றோடு கூடிய உருண்டைக் கால் எவ்வளவு ஏமாற்றத்தைத் தரும் என்பதை ஒரு சிறு கணக்கால் காட்டலாம். ஒரு காலின் விட்டம் 4 அங்குலம் என்று கொள்வோம். சுற்றிலும் ஓர் அங்குலம் வெளிறு. அந்த வெளிறு மக்கியபின் எஞ்சுவது 2 அங்குல விட்டமுள்ள வைரம். விட்டம் பாதியாயிற்று, ஆகவே வலிமையும் பாதியாகும் என்று எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. வளைவைத் தாங்கும் வலிமை, விட்டத்தை அதனாலேயே இருமுறை பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தது. நான்கை அவ்வாறு பெருக்கினால் 64. இரண்டைப் பெருக்கினால் 8. ஆகவே எஞ்சிய வலிமை எட்டில் ஒரு பங்குதான். மரம் உள்ளே கல்லைப்போல் இருந்தும் கால் ஏன் முறிந்தது என்று வியக்கிறோமே, அதற்குக் காரணம் இது. இளமரத்தின் உருண்டைக் கழிகளைவிட, முற்றிய பெரிய மரத்தைப் பிளந்தோ அறுத்தோ எடுத்த கால்கள் மேலானவை என்பதும் இதனால் விளங்கும்.

இனி எந்தெந்த மரங்களின் வைரம் நெடுநாள் நிற்கும் என்பதைப் பார்ப்போம். டேராடூனில் 1906ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட வன ஆராய்ச்சி நிலையம் இதைச் சோதித்தறிய ஓர் எளிய முறையைக் கையாண்டது. 60 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் சதுரமும் உள்ள வைரத் துண்டுகளைப் பாதியளவு மண்ணில் புதைத்து, காலந்தோறும் பிடுங்கிப் பார்ப்பதுதான் அந்த முறை. வரிசை வரிசையாகக் கட்டைகள் நிற்கும் அந்த மைதானம் இடுகாட்டைப்போல் தோன்றுவதால், இதற்கு இடுகாட்டுச் சோதனை என்றே பெயர் வந்துவிட்டது. சராசரியாக 120 மாதமும் அதற்கு மேலும் தாங்குபவை முதல் வகுப்பு. 60 மாதத்துக்கு மேல் 120க்குள் தாங்குபவை இரண்டாம் வகுப்பு. 60 மாதமும் தாங்காதவை மூன்றாம் வகுப்பு. இந்திய மரங்களின் நீடிப்பைப் பற்றிய தரநிர்ணயங்கள் இந்தப் பாகுபாட்டையே தழுவியிருக்கின்றன. இவை 2 அங்குலச் சிறு கட்டைக்குரிய கணக்கு என்பதை மறக்கலாகாது. பருத்த கால் இதைவிட அதிக காலம் நிற்கும். மழை மிகுந்த அசாமிலும் கொங்கணத்திலும் ஆயுள் குறையும். வறண்ட ராஜஸ்தானத்தில் கூடும். ஆனால் எது எதைவிட மேல் என்ற வரிசையை இந்த வகுப்புகளிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

முதல் வகுப்பு மரங்களுள் வட இந்தியாவிலும் கிழக்கிந்தியாவிலும் வேலிக்காலுக்கு மிகவும் உகந்தது சால். ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் அதுவே மாநில மரம். ரயில் தண்டவாளத்தின் அடியில் பல்லாண்டு காலம் கிடந்து உழைத்த மரம் அது. இங்கே ஒரு பெயர்க் குழப்பம் காத்திருக்கிறது. மரவாடியில், வட இந்தியர் வழக்கில் சொன்னால் டாலில், மூன்று பெயர்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் காதில் விழும். சால் என்பது ஒன்று. பீஜாசால் என்பது மற்றொன்று. அது நமது வேங்கை. கர்நாடகத்தில் ஹொன்னே என்றும் மகாராஷ்டிரத்தில் பிப்லா என்றும் அதைச் சொல்வார்கள். இதுவும் முதல் வகுப்பு மரமே. மூன்றாவது சாஜ். அது கருமருது. கன்னடத்தில் மத்தி, மராத்தியில் ஐன். இது நல்ல வலிமையுடைய மரமாயினும் மண்ணில் நிற்கும் திறத்தில் இரண்டாம் வகுப்பைச் சேர்ந்தது. சால் என்று விலை பேசிச் சாஜைப் பெற்று வந்தால் நஷ்டம் நமக்கே.

தேக்கை அறியாதவர் இல்லை. இந்தியில் சாகுவான், வங்காளத்தில் சேகுன், கன்னடத்தில் தேக. வேலிக்கு அதைப் பயன்படுத்துவது பலருக்கும் கட்டுப்படியாகாது. குறைந்த விலைக்குக் கிடைக்கும் தேக்குக் கழிகள் பெரும்பாலும் இளந்தோட்டங்களைக் களைத்தெடுத்தவை. அவற்றில் வெளிறு அதிகம், வைரம் குறைவு. தேக்கு என்ற பெயரை நம்பி அவற்றை வாங்குவது வீண்.

மேற்குத் தொடர்ச்சி மலையை அடுத்து வாழ்கிறவர்களுக்கு இருள் மரமும் கோங்கும் கிடைக்கக்கூடும். இருளைக் கன்னடத்தில் ஜம்பே என்றும் மராத்தியில் ஜாம்பா என்றும் வழங்குகிறார்கள். அசாமிலும் வடகிழக்கு மாநிலங்களிலும் நாஹோர் என்று கேட்டால், நாம் நாங்கு என்று சொல்லும் இரும்பனைய மரம் கிடைக்கும். அந்தமானில் உள்ளவர்களுக்குப் படாக் என்ற சிவந்த மரம் உண்டு. வேங்கையின் இனத்தைச் சேர்ந்தது அது. பஞ்சாபிலும் உத்தரப் பிரதேசத்திலும் சீசம் மரத்தின் வைரமும், காசுக்கட்டி காய்ச்சும் கைர் மரத்தின் வைரமும் நன்கு உழைக்கும். இமயமலைச் சாரலில் தேவதாரு முதன்மையானது.

தேவதாரு என்ற பெயரிலும் ஒரு பொறி இருக்கிறது. வங்காளத்தில் தேப்தாரு என்று சொன்னால், சாலையோரங்களில் நெட்டையாக வளரும் நெட்டிலிங்க மரத்தைக் குறிக்கும். அந்த மரம் மெல்லியது; மண்ணில் நிற்கத் தகுதியற்றது. இமயத்துத் தேவதாருவை அதன் மணத்தால் அறியலாம். புதிதாக அறுத்த முனையை முகர்ந்தால் தைல வாசனை தெளிவாக வரும். சஃபேதா என்ற பெயரும் இப்படியே. பஞ்சாப், உத்தரப் பிரதேசச் சமவெளியில் அது யூகலிப்டஸ் மரத்தைக் குறிக்கும். காஷ்மீரத்தில் பாப்லர் மரத்தைக் குறிக்கும். இரண்டின் கழிகளும் நேராகவும் மலிவாகவும் இருக்கும். மருந்தேற்றாமல் நட்டால் இரண்டும் விரைவில் போய்விடும்.

தில்லியில் உள்ளவர்களுக்குக் கீகர் என்ற சொல் பழக்கமானது. தேசி கீகர் என்பது நமது கருவேலம். அதன் முற்றிய வைரம் வேலிக்கு நல்லது. விலாயதி கீகர் என்பது சீமைக் கருவேலம். அதன் வைரமும் மண்ணில் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். பருமனும் நேர்மையும் உள்ள கட்டை கிடைப்பதுதான் அரிது.

நடவே கூடாத மரங்களையும் சொல்லிவிடுகிறேன். மா, இலவு, பாப்லர், சீர் என்னும் இமயமலைப் பைன் ஆகியவை மருந்தேற்றப்படாத நிலையில் மண்ணுக்கு ஆகா. சவுக்குக் கழியும் அவ்வாறே. பச்சை மூங்கிலை அப்படியே நட்டால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நிற்கும். செம்மரம், சந்தனம் முதலியவை சட்டத்தின் தனிக் காவலில் உள்ளவை. எந்த மரமாயினும், ரசீதும் வனத்துறையின் வழிச்சீட்டும் தேவையான இடத்தில் அவற்றைக் கேட்டு வாங்குவது நல்லது. வெளிமாநிலத்தில் வாழ்கிறவர்களுக்கு இந்த ஜாக்கிரதை இரட்டிப்பாக அவசியம்.

கடையில் நின்று பரீட்சிக்கும் முறை எளியது. கட்டையின் முனையைப் பாருங்கள். வர்ணம் பூசியிருந்தால், ஓர் அங்குலம் அறுத்துக் காட்டும்படி கேளுங்கள். வெளுத்த வளையம் எவ்வளவு, கறுத்த பகுதி எவ்வளவு என்பது உடனே தெரியும். வளையத்தைத் தவிர்த்து எஞ்சும் வைரம் உங்களுக்குப் போதுமான பருமனா என்று அளந்து பாருங்கள். சதுரமாக அறுத்த காலாயின், ஒரு மூலையிலாவது வெளிறு தொங்கிக்கொண்டிருக்கிறதா என்று கவனியுங்கள். நடு மையத்தில் உள்ள சோறு மென்மையானது. அது கண்ணுக்குத் தெரியும் காலை ஒதுக்குங்கள். பட்டை எங்கும் ஒட்டியிருக்கலாகாது. பட்டைக்கடியில்தான் ஈரமும் வண்டும் தங்கும். ஒரே அளவுள்ள இரண்டு உலர்ந்த கட்டைகளுள் கனமானதைக் கொள்வது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

வைரமுள்ள மரம் கிடைக்கவில்லை, அல்லது விலை எட்டவில்லை என்றால் என்ன செய்வது? அதற்கு மருந்தேற்றிய மரம் இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சொண்டி காமேசம் என்னும் இந்தியப் பொறியியலார், 1933ஆம் ஆண்டில் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றின் உப்புக்களைச் சேர்த்து ஒரு மருந்தை உருவாக்கினார். தாமிரம் பூசணத்தைத் தடுக்கிறது. ஆர்செனிக் கரையானைத் தடுக்கிறது. குரோமியம் அவ்விரண்டையும் மழையில் கரைந்துவிடாமல் மரத்தில் பிணைக்கிறது. பின்னர் உலகெங்கும் மின்கம்பங்களுக்கும் வேலிக்கால்களுக்கும் அந்த மருந்து பயன்பட்டது. நம் நாட்டவர் ஒருவரின் கண்டுபிடிப்பு அது என்பதை நம்மிற் பலர் அறியார்.

இங்கே ஒரு விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும். மருந்தை நன்றாக உறிஞ்சுவது வெளிறுதான். சால், தேக்கு ஆகியவற்றின் வைரத்துக்குள் மருந்து ஏறுவதே இல்லை. ஆகவே, மருந்தில்லாத காலென்றால் வைரம் வேண்டும். மருந்தேற்றிய காலென்றால், உறிஞ்சும் தன்மையுள்ள சீர், யூகலிப்டஸ் போன்றவற்றின் கழிகளே பொருத்தம். இரும்பு உருளைக்குள் கட்டைகளை அடைத்து, காற்றை வெளியேற்றி, அழுத்தத்தோடு மருந்தைச் செலுத்துவதே சரியான முறை. துரிகையால் மேலே பூசிய தார், வெயிலில் மரம் வெடித்தவுடன் பயனற்றுப் போகிறது. அடியைத் தீயில் கருக்குவதும் அத்தகையதே. கரியைப் பூசணம் தின்னாது என்பது மெய். ஆனால் கரியில் விழும் வெடிப்பின் வழியாக அது உள்ளே சென்றுவிடும். போராக்ஸ் மருந்து வீட்டுக்குள் இருக்கும் மரத்துக்கு நல்லது. மண்ணில் நிற்கும் காலிலிருந்து மழை அதைக் கழுவி எடுத்துவிடும்.

ஆர்செனிக் கலந்த மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் 2003ஆம் ஆண்டின் இறுதியோடு, குடியிருப்பு வீடுகளுக்கான மரத்தில் அதை ஏற்றுவது நிறுத்தப்பட்டது. குழந்தைகள் விளையாடும் இடத்திலும் கீரைப்பாத்தியின் ஓரத்திலும் அத்தகைய கால்களை நாமும் தவிர்ப்பது நலம். மருந்தேற்றிய மரத்தின் துண்டுகளை அடுப்பிலோ குளிர்காயும் தீயிலோ ஒருபோதும் எரிக்கலாகாது. அதன் புகையும் சாம்பலும் நஞ்சு. பழைய ரயில் கட்டைகளை வாங்குகிறவர்களும், அவை கிரியோசோட் எண்ணெய் ஊறியவையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

நல்ல மரத்தையும் நடும் முறையால் கெடுத்துவிடலாம். 7 அடிக் காலுக்கு இரண்டேகால் அடி ஆழமாவது வேண்டும். குழியின் அடியில் அரையடி சரளைக்கல் போட்டு, அதன்மேல் காலை நிறுத்துங்கள். மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு இடித்து, காலைச் சுற்றி மேடாக அணைத்துவிடுங்கள். மழைநீர் தேங்காமல் வழிந்தோடும். சிமென்டு போடுவதானால், அடியை மூடாமல் பக்கங்களில் மட்டும் போட்டு, மேற்புறத்தை வெளிப்பக்கம் சரிவாக்க வேண்டும். கிண்ணம்போல் சுற்றிலும் அடைத்தால் நீர் அதில் தங்கி மரத்தை ஊறவைக்கும். காலின் தலையைச் சரிவாகச் சீவிவிடுங்கள். காலை நட்டபின், ஆண்டுக்கொரு முறை மண்ணை அரையடி தோண்டி, உளியின் முனையால் கழுத்தைக் குத்திப் பாருங்கள். உளி எளிதில் இறங்குமானால், சாயும்வரை காத்திராமல் பக்கத்தில் ஒரு முட்டுக் கொடுங்கள்.

செலவைக் கட்டுப்படுத்தவும் வழி உண்டு. 40 அடிக்கு 60 அடி மனையைச் சுற்றி 200 அடி நீளம். 8 அடிக்கு ஒன்றாக ஏறத்தாழ 25 கால்கள். இவற்றுள் கம்பியின் முழு இழுப்பையும் தாங்குபவை மூலைக்கால் நான்கும் வாசற்கால் இரண்டுமே. அந்த ஆறையும் முதல் வகுப்பு வைரத்தில் பருமனாக வாங்கி, 3 அடி ஆழத்தில் நடுங்கள். இடைக்கால்களுக்கு அடுத்த தர மரம் போதும். அவற்றை ஒவ்வொன்றாக மாற்றலாம். மூலைக்கால் விழுந்தால் வேலி முழுவதையும் பிரித்துக் கட்ட நேரும். பெங்களூர்ப் பக்கம் கருங்கல் தூணும், ராஜஸ்தானத்தில் மணற்கல் பலகையும் மலிவாகக் கிடைக்கின்றன. அத்தகைய இடங்களில் மரத்தைத் தேடி அலைவதே தேவையற்றது.

மக்காத கால் இன்னொன்றும் உண்டு. அது உயிருள்ள கால். நம் கிராமங்களில் கிளுவையும் பூவரசும் கல்யாண முருங்கையும் வேலியாக நின்றதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். கேரளத்தில் சீமைக்கொன்னை அந்த வேலையைச் செய்கிறது. ஒதியம் போத்து நட்டாலும் துளிர்த்துவிடும். ஒதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்பது பழமொழி. வெட்டிய ஒதி மண்ணில் மக்கும் என்பதும் உண்மையே. ஆனால் வேர்விட்ட ஒதியைப் பூசணம் எளிதில் அண்டாது. மழை மிகுந்த ஊர்களில், நல்ல மரத்தாலான மூலைக்கால்களுக்கு இடையே இத்தகைய போத்துக்களை நட்டு வைத்தால், இடைக்கால்கள் சாயும் காலத்தில் அவை வளர்ந்து அவற்றின் இடத்தை ஏற்றுக்கொள்ளும்.

இறுதியாக ஒரு விஷயம். எவ்வளவு காலத்துக்கு வேலி வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளுங்கள். மூன்றாண்டில் மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தர், அரசாங்கக் குடியிருப்பின் கத்தரிப் பாத்திக்கு வைரம் பாய்ந்த சாலை நடவேண்டியதில்லை. அவருக்கு மூங்கில் போதும். காட்டில் முற்றிய ஒரு மரம் வெட்டப்படாமல் நிற்பதும் லாபமே. ஆனால், போன இடத்தையே ஊராகக் கொண்டு, அங்கேயே மனை வாங்கி, பிள்ளைகள் அங்கேயே வளரும் குடும்பத்துக்கு வேண்டியது வேறு. அவர்கள் நடும் கால், நட்டவரின் கை தளர்ந்த பிறகும் நிற்க வேண்டும். அத்தகையவர்கள் மரவாடிக்குச் செல்லும்போது பெயரை மட்டும் கேட்டுத் திரும்பாமல், முனையை அறுக்கச் சொல்லி, வெளிற்றைத் தள்ளி வைரத்தை அளந்து வாங்குவார்களாக. கூடக் கொடுக்கும் விலை, ஒரு முறை குழி தோண்டும் கூலியிலேயே திரும்பிவிடும்.